முகத்துவாரத்தில் போன கிளிப்

துறைமுகத்துக் கேட்டில் தினமும் காலையில் ஒரு பெண் என்னைச் சோதனை போடுகிறாள். கையில் கறுப்பாக ஒரு கருவி வைத்திருப்பாள். தோளில் தொடங்கி முழங்கால் வரை அதை ஓட்டுவாள். தாலிக்குப் பக்கத்தில் கீச்சென்று கத்தும். கொலுசுக்குக் கத்தும். அடிவயிற்றுக்கு வரும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அங்கே கத்தினால் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு பொய்யைக்கூடத் தயாராக வைத்திருக்கிறேன். இதுவரை ஒருநாளும் கத்தியதில்லை. "போங்கக்கா" என்று விட்டுவிடுவாள். அது கத்தாமல் இருப்பதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உள்ளே ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியவில்லை.

காட்டுப்பள்ளியில் ஒரு கான்ட்ராக்ட் ஆபீசில் லாரி நம்பர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. என் வீட்டுக்காரர் பழவேற்காடு ஏரியில் வலை விடுகிறவர். துறைமுகம் வேண்டாம் என்று இதே கேட்டின் முன்னால் வெயிலில் உட்கார்ந்து கோஷம் போட்டவர். அந்தக் கேட்டுக்குள் நான் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவதால் எங்கள் வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் அது தனிப் புத்தகம் ஆகும்.

உள்ளே இருப்பது ஒரு கிளிப். புளியங்கொட்டை நீளம் இருக்கும், அகலம் அதில் பாதிகூட இல்லை. கருக்குழாயை நெரித்துப் பிடித்துக்கொண்டு, இனி பிள்ளை வேண்டாம் என்று ஆயுளுக்கும் அங்கேயே இருக்க வேண்டியது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு போட்டார்கள். அதில் ஒன்று இருந்த இடத்தில் இருக்கவில்லை.

போட்டுக்கொள்ள நான் தனியாகப் போகவில்லை. என் நாத்தனாரும் நானும் ஒரே நாளில் ஒரே ஷேர் ஆட்டோவில் போனோம். நாத்தனார் என்றால் வீட்டுக்காரருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டு விற்கிறவர். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே சண்டை போடுவார், ஒரு நண்டும் கீழே விழாது. அவருக்கு மூன்று பிள்ளைகள், எனக்கு இரண்டு. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் சேர்க்கிற ஒரு அம்மா எங்கள் குப்பத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெட்டிக் கட்டுகிற ஆபரேஷன் எல்லாம் பழசு, இப்போது சின்ன ஓட்டை போட்டுக் கிளிப் மாட்டிவிடுகிறார்கள், அடுத்த வாரமே கூடை தூக்கலாம் என்று. கூடை என்றதும் அண்ணிக்கு மனசு ஒப்பிவிட்டது. "வலைக்கு ஈயக் குண்டு கோக்கற மாதிரி ரெண்டு மாட்டி வுடுவான், அவ்ளோதான்மே. இன்னாத்துக்கு பயப்படற?" என்றார்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். கேஸ் நடக்கிறது. தனியார் ஆஸ்பத்திரி, வாசலில் பிள்ளையார், உள்ளே ஏசி. அண்ணியை முதலில் கூட்டிக்கொண்டு போனார்கள், அடுத்து என்னை. சாயங்காலம் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தோம். அடுத்த வாரம் அண்ணி கூடை தூக்கினார். சொன்னது சொன்னபடி நடந்ததே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

சில வருஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒண்ணுக்குப் போனால் எரிச்சல். அப்புறம் ஜுரம். பொன்னேரி டாக்டர் என் ஊரைக் கேட்டார். சொன்னேன். "ஏரித் தண்ணியில நின்னுட்டே இருந்தா இப்படித்தான் வரும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் ஏரியில் கால் வைத்தே பல வருஷம் ஆகிறது, நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்து நம்பர் தட்டுகிறேன் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏரிக்கரைப் பொம்பளை என்றால் ஏரிக்குள் நின்றுகொண்டிருப்பாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நானும் அந்த மாத்திரைகளை விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

பிறகு தொடை இடுக்கில் ஒரு வீக்கம். உட்கார முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். எக்ஸ்ரே எடுக்கிற ஆள் படத்தைப் பார்த்துவிட்டு எரிந்து விழுந்தார்.

"பின்னு, கொக்கி, கயிறு எல்லாம் கழட்டிட்டு வாங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"கழட்டிட்டேன் சார்."

"அப்போ இது இன்னாது?"

மறுபடி போய் எல்லாவற்றையும் பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பெண்களின் இடுப்பில் ஒரு பின்னாவது கட்டாயம் இருக்கும், அதனால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு என் உடம்பில் ஆஸ்பத்திரித் துணியைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை எடுத்தார். அதே இடத்தில் அது அப்படியே இருந்தது. அவர் குரல் மாறிவிட்டது. "உக்காரும்மா" என்றார். அவ்வளவு நேரம் அதட்டிய ஆள் திடீரென்று மரியாதையாகப் பேசினதும்தான் எனக்குப் பயம் பிடித்தது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மாதான் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குப் புரியும்படி சொன்னார். "இடுப்பு எலும்பு கிண்ணம் மாதிரி தெரியுதா? அதுக்குள்ள இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கணும். உனக்கு வலது பக்கம் சரியா இருக்கு. இடது பக்கத்தது கழண்டு கீழ இறங்கி மூத்திரப்பை ஓரமா வந்து சீழ் கட்டியிருக்கு." கிளிப் கழன்றுகொள்வது சிலருக்கு நடக்கக்கூடியதுதான் என்றும், போடும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதை எடுக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். செத்துவிடுவேன் என்று பயப்படவில்லை. வயிற்றைத் திறந்து பார்ப்பதற்குள் அது இன்னும் கொஞ்சம் நகர்ந்து வேறு எங்காவது போய்விடும் என்று பயந்தேன். புரண்டு படுக்காமல் கிடந்தேன். இருமல் வந்தால் அடக்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஏரியில் எந்தக் காற்றுக்கும் அசராத மனுஷன், நர்ஸ் கூப்பிட்டால் எழுந்து நிற்கத் தெரியாமல் தடுமாறினார்.

கிளிப் கிடைத்துவிட்டது. டாக்டரம்மா அதை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு என் கையிலேயே கொடுத்தார். "பத்திரமா வை. கேஸ் கீஸ் போடறதா இருந்தா இது வேணும்" என்றார். இன்னொன்று இருக்கிற இடத்தில் இருக்கிறது, புண் நன்றாக ஆறட்டும், பிறகு அதையும் எடுத்துவிடலாம் என்றார். இனி பிள்ளை உண்டாகுமா என்று கேட்டேன். குழாய் அடைபட்டுத்தான் இருக்கும், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது, நாள் தள்ளிப்போனால் உடனே ஓடி வா, குழாயிலேயே கரு தங்கினால் உயிருக்கே ஆபத்து என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் எனக்குப் பயம்தான். தள்ளிப்போகாத மாதத்தில் சாமிக்குக் கற்பூரம் ஏற்றுகிறேன். வீட்டுக்காரர் பாயைத் தானாகவே கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

பாட்டிலைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். பொன்னேரியில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். கோர்ட்டுக்குப் போவதென்றால் எங்கள் குப்பத்தில் முதலில் ஊர்க் கூட்டத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் குற்றம். கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை, ஆகவே வீட்டுக்காரர் எழுந்தார். "வயித்துல ஒரு கேசு" என்றார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் காப்பாற்றினார். "ஆஸ்பத்திரி மேல தான? ஊருமேல இல்லியே? போட்டுக்க" என்றார். கோயிலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த வெட்கத்திலும் சிரிப்பு வந்தது.

நோட்டீஸ் போனது. ஆஸ்பத்திரியில் இருந்து பதில் வந்தது. நாங்கள் கிளிப் போடுவதே இல்லை, குழாயை வெட்டிக் கட்டுவதுதான் எங்கள் வழக்கம், இவருடைய வயிற்றில் இருந்தது வேறு எங்கோ போட்டதாக இருக்கும் என்று. படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே பயம் வந்தது. நான்தான் பைத்தியமாகிவிட்டேனோ, வேறு எங்காவது போய் வந்து மறந்துவிட்டேனோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

வக்கீலம்மா அதற்கெல்லாம் அசரவில்லை. "அந்தக் கிளிப்பைக் கொண்டு வாங்க. யார் செஞ்சது, யார் வாங்கினதுன்னு தேடிப் பிடிக்கலாம். கோர்ட்டுல வச்சாகணும்" என்றார். அன்றைக்கு உங்களோடு வேறு யாராவது போட்டுக்கொண்டார்களா என்றும் கேட்டார். அண்ணியைச் சொன்னேன். அண்ணியிடம் வந்து கேட்டால், "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துகினு இருக்கேன். என்னை கோர்ட்டு கேசுன்னு இஸ்துவுடாத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, கையில் பாட்டில் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டேன். பாட்டில் இல்லை.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். பிள்ளைகளை மிரட்டினேன். அரிசி டப்பாவைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் வலை வைத்திருக்கிற கொட்டகையில் தேடினார். அண்ணி வாசலில் நண்டின் காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். எங்கள் அமர்க்களம் எதற்கும் அவர் தலையை நிமிர்த்தவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துபோயிற்று.

"அண்ணி, நீ எடுத்தியா?"

"எடுத்தேன்."

"எங்க வெச்சிருக்க?"

"எங்க வெக்கறது? முகத்துவாரத்துல வுட்டுட்டேன்."

எங்கள் குப்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. திருக்கை மீன் வாலால் அடித்தால் அதன் முள் சதைக்குள் ஒடிந்து நிற்கும். பிடுங்கி எடுத்த முள்ளை வீட்டில் வைக்கக் கூடாது. அது கரையில் காய்கிற வரைக்கும் அடிபட்டவருக்கு வலி தீராது என்பார்கள். ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம் பார்த்து முகத்துவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். என் வீட்டுக்காரர் காலில் அடிபட்டபோது அண்ணிதான் பல்லால் கடித்து முள்ளை எடுத்தார், அண்ணிதான் கொண்டுபோய் விட்டார். ஆபரேஷன் முடிந்து வந்த வாரம் எனக்கு ஜுரம் ஏறிப் பிதற்றிக்கொண்டு கிடந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் துணி போட்டுக்கொண்டிருந்த அண்ணியின் கண்ணில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்த பாட்டில் பட்டிருக்கிறது.

"அது திருக்கை முள்ளு இல்ல அண்ணி!" என்று கத்தினேன்.

"உள்ள பூந்து குத்திச்சா இல்லியா? அப்போ அதுவும் முள்ளுதான். அத்த வீட்டுல வெச்சிகினு நீ இன்னா பொழைப்ப? அன்னிக்கு வுட்டுட்டு வந்த பொறவுதான உனக்கு ஜுரம் எறங்குச்சி?"

இறங்கியது உண்மை. ஊசி மருந்தால் இறங்கியது என்று நான் சொன்னால் அவர் நம்பப் போவதில்லை. அவரை என்ன செய்வது? திட்டினேன். நன்றாகவே திட்டினேன். நண்டுக் கூடையை எட்டி உதைத்தேன், நண்டுகள் வாசல் எல்லாம் ஓடின. எப்போதும் என்னை நாலு மடங்கு திருப்பித் திட்டுகிறவர், அன்று ஒன்றும் பேசாமல் அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குள் போய் அழுதேன்.

வக்கீலம்மாவிடம் போய்ச் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு என் எக்ஸ்ரே படத்தை எடுத்துப் பார்த்து, "உங்க வயித்துல இன்னொண்ணு இருக்கே" என்றார். "அதை இப்போ எடுத்துடாதீங்க. கோர்ட்டு சொல்ற டாக்டர் பார்க்கட்டும். அதுவரைக்கும் அது உள்ளேயே இருக்கணும்." எவ்வளவு நாள் என்று கேட்டேன். வாய்தா போகிறதைப் பொறுத்தது என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் என்னையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எது வெளியே வந்தால் நிம்மதி என்று நாளைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அதை இனி நான் காவல் காக்க வேண்டும். அது நகராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டும். பஸ் குலுங்கினால் பயம், குனிந்தால் பயம், பிள்ளை வந்து மடியில் விழுந்தால் பயம். ஆபீசில் யாராவது வேடிக்கைப் பேச்சுப் பேசிச் சிரிப்பு வந்தால் வாயை மூடிக்கொள்வேன், வயிறு குலுங்கக் கூடாதென்று. இடுப்பில் சுருக்கென்று ஒரு வலி வந்தால் போதும், கழன்றுவிட்டது என்று முடிவே செய்துவிடுவேன். கக்கூசுக்குள் போய்க் கையை வைத்து அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். விரலுக்கு என்ன தெரியும்? ஆனாலும் அழுத்துவேன்.

அண்ணி இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது மார்க்கெட்டுக்குப் போகாமல் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"எனக்குள்ள ரெண்டு கீது இல்ல? அதே டாக்டரு, அதே நாளு. என்னைப் படம் எடுத்து கோர்ட்டுல காட்டச் சொல்லு அந்த அம்மாவை. கிளிப்பே போடலன்னு எப்டி சொல்லுவான், பாத்துர்லாம்."

"கல்யாணப் பேச்சு நடக்குதே அண்ணி."

"நடக்கட்டும். நான்தான தூக்கிப் போட்டேன்? நான்தான் குடுக்கணும். நீ அதுக்கோசரம் அத்த உள்ள வெச்சிகினு சாவணுமா?"

வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் குதிக்காத குறைதான். அண்ணி வயிற்றில் அதே கிளிப் இருப்பது படத்தில் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்காரர் பதில் நிற்காது, உங்களுடையதையும் காத்திருக்காமல் எடுத்துவிடலாம் என்றார். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு இருவரும் பொன்னேரிக்குப் போனோம். அண்ணி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். தனக்கு இத்தனை வருஷத்தில் ஒரு எரிச்சல் உண்டா, ஒரு குத்தல் உண்டா, உடம்பு என்றால் தன் உடம்பு, ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்து என் உடம்பு மெத்தென்று ஆகிவிட்டது, அதனால்தான் கிளிப்கூட நிற்கவில்லை என்றார். நெடுநாளைக்குப் பிறகு நான் வயிற்றைப் பற்றி நினைக்காமல் சிரித்தேன்.

எக்ஸ்ரே எடுத்தவர் வேறு ஒரு ஆள். படத்தைப் பெரிய கவரில் போட்டுக் கொடுத்தார். டாக்டர் எழுதித் தருவது மறுநாள்தான் கிடைக்கும் என்றார். பழவேற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அண்ணி கவரை மடியில் வைத்துக்கொண்டு பொறுக்க முடியாமல் இருந்தார்.

"உனக்குத்தான் பாக்கத் தெரியுமே. எட்துப் பாரு. ரெண்டும் தெளிவா வுழுந்துகீதா?"

படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இடுப்பெலும்புக் கிண்ணம் தெரிந்தது. அதற்குள் இடது பக்கம் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. என்னுடையதைப் போலவே இருந்தது. வலது பக்கம் தேடினேன். படத்தைச் சாய்த்துப் பிடித்தேன். பஸ் ஓரிடத்தில் நின்றபோது மறுபடி தேடினேன். கிண்ணத்துக்குள் இல்லை. கண்ணை மேலே கொண்டுபோனேன். இடுப்பெலும்பைத் தாண்டி, வலது பக்கத்துக் கடைசி விலா எலும்புக்குக் கீழே அது தனியாகக் கிடந்தது.

"இன்னாம்மே? ரெண்டும் கீது இல்ல?"

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். கேட்டில் சொல்வதற்கு வைத்திருந்த பொய்கூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"ரெண்டும் இருக்குது அண்ணி. ஒண்ணு எடத்துல இல்ல."

"எங்க கீது?"

அவர் கையைப் பிடித்து, புடவைக்கு மேலாகவே, வலது விலாவின் கீழே வைத்தேன். அவர் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். நான் கக்கூசில் நின்று அழுத்துகிற மாதிரியேதான் அழுத்தினார்.

"வலிக்கலியேம்மே" என்றார்.

அவருடைய கை அந்த இடத்திலேயே இருந்தது. அவர் முகத்தில் அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலில் எங்களோடு சேர்ந்து காத்திருந்த மற்றப் பெண்களின் முகங்கள் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவர்களும் எங்கேயோ வலிக்காமல் கூடை தூக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஏரி தெரிகிற இடம் வந்ததும் அண்ணி படத்தைக் கவருக்குள் போட்டு என் மடியில் வைத்தார்.

"இத்த நீயே வெச்சிக்க" என்றார். "என் கையில குடுக்காத."